மூன்று நாள் மிஷன் ஆயத்த முகாம்: இரண்டாம் நாளுக்கு மட்டும் பணம் கட்ட முடியுமா?

உகாண்டாவுக்குப் பன்னிரண்டு நாள் மருத்துவ ஊழியத்துக்குப் போய்விட்டு வந்து மூன்று வாரம் ஆகிறது. பெட்டியை இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. அதற்குள் எங்கள் திருச்சபைச் சேகரத்திலிருந்து நாலு பேர் போன் போட்டு, "அடுத்த குழுவில் நாங்களும் போகலாம்னு இருக்கோம், அந்த ஆயத்த முகாமுக்குப் பணம் கட்டலாமா சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை காய்ந்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முகாமை நடத்தியவர்கள் பெயரைப் போடப் போவதில்லை. பாளையங்கோட்டைப் பக்கம் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். நாளைக்குச் சபை விருந்தான அசனத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார வேண்டியிருக்கும். இந்த மாதிரி முகாம்கள் இப்போது நிறைய நடக்கின்றன. எங்கே சேர்ந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. அரசு மருத்துவமனையில் 34 வருடம் ஸ்டாஃப் நர்ஸ். வயது 61. பாஸ்போர்ட் எடுத்ததே இதற்காகத்தான்.

கட்டணம் 6,500 ரூபாய். அதில் 4,700 தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் வகுப்புக்கும். 1,800 'பயணப் பை' என்று ஒன்று தருகிறார்களே, அதற்கு. இடம் குற்றாலம் பக்கம் ஒரு தியான இல்லம். சீசன் இல்லை, அருவியில் நூல் மாதிரித் தண்ணீர். பதினான்கு பேர். அறை சுத்தம், சாப்பாடு நன்று, சனிக்கிழமை மத்தியானம் வைத்த நெத்திலிக் குழம்பு மிக நன்று. இதற்கு மேல் இடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

முதல் நாள் வீண். ஒருங்கிணைப்பாளர் தம்பி நல்ல பிள்ளைதான், குரலும் நன்றாக இருந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை பாட்டும் தரிசனமும் ஜெபக்குறிப்பும். பயணம் எப்படி என்று கேட்டால் "எல்லாம் ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்பார். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் மஞ்சள் காய்ச்சல் ஊசி எப்போது போட வேண்டும் என்று ஒரு பையன் கேட்டதற்கு, "கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னாடி போட்டுக்கலாம் பிரதர்" என்றார் பாருங்கள், அங்கேதான் எனக்கு மூக்கு வியர்த்தது.

அந்த ஊசியின் சான்றிதழ் போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும். உகாண்டாவுக்குள் நுழைய ஒரு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அது கட்டாயம். அதை விட முக்கியம், ஆன்லைனில் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே பாஸ்போர்ட் நகலோடு அந்தச் சான்றிதழான மஞ்சள் அட்டையையும் ஏற்றச் சொல்லிக் கேட்கிறது. ஊசி இல்லாவிட்டால் விசாப் படிவத்தையே முடிக்க முடியாது. திரும்பி வரும்போது நம் ஊர் விமான நிலையத்திலும் அட்டையைக் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம் என்பது இந்திய விதி. நான் எழுந்து இதைச் சொன்னேன். "பார்த்துக்கலாம் சிஸ்டர்" என்று அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

கேள்வி கேட்ட பையனுக்கு மறுநாள் ஏதோ தேர்வு. அன்று சாயங்காலமே கிளம்பிப் போய்விட்டான். நான் சொன்னது அவன் காதில் விழவில்லை போலிருக்கிறது. ஒரு வாரம் முன்னால்தான் சென்னைக்குப் போய் ஊசி போட்டான். பிறகென்ன, டிக்கெட்டை மாற்ற தண்டம் கட்டி, எங்களுக்கு நாலு நாள் கழித்துத் தனியாக வந்து சேர்ந்தான். அந்தப் பணத்தை யாரும் திருப்பித் தரவில்லை.

நான் முகாமுக்கு முன்பே கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டேன். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் மருந்து அது. முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உங்கள் டாக்டரிடம் பேசிவிட்டுப் போங்கள். ஒருமுறை போட்டால் போதும். 2016 ஜூலையிலிருந்து அந்தச் சான்றிதழ் வாழ்நாள் முழுதும் செல்லும். பத்து வருடத்துக்கு ஒருமுறை என்று பழைய கணக்கை யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சரி, இரண்டாம் நாள்.

அன்று வகுப்பெடுத்தவர் நம் ஊர்ப் பெண்தான். நாற்பத்தைந்து வயது இருக்கும். உகாண்டாவில் ஒன்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஒலிபெருக்கி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முதல் வேலையாக எல்லோருடைய பெட்டிகளையும் கூடத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். பயணத்துக்குக் கட்டுவதுபோலவே கட்டிக்கொண்டு வர வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நான் 23 கிலோவுக்குச் சரியாக 22.6 வைத்திருந்தேன். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

தரையில் ஒரு போர்வையை விரித்து, என் பெட்டியை முதலில் திறந்தார். ஒவ்வொரு பொருளாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஒரே கேள்வி: "அக்கா, இது யாருக்கு?"

பாராசிட்டமால் அட்டைகள் ஒரு பை நிறைய. "ஜனங்களுக்கு" என்றேன். அட்டையைத் திருப்பிக் காலாவதித் தேதியைக் காட்டினார். நாலு மாதம்தான் பாக்கி. தெரிந்த டாக்டர்களிடம் வாங்கிச் சேர்த்த சாம்பிள்கள் அவை. 34 வருடம் மருந்து எடுத்துக் கொடுத்த எனக்கு அந்தத் தேதியைப் பார்க்கத் தோன்றவில்லை. நன்கொடையாகக் கொடுக்கும் மருந்து போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருட ஆயுள் பாக்கி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டி வைத்திருக்கிறது. அதோடு, உகாண்டாவில் மருந்துக்கென்று தேசிய மருந்து ஆணையம் ஒன்று இருக்கிறது. அதன் அனுமதி இல்லாமல் பெட்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. "பாராசிட்டமால் கம்பாலாவில் கடையிலேயே கிடைக்கும்க்கா. அங்கே போய் அவங்க கடையிலயே வாங்கிக் கொடுங்க, அந்தக் கடைக்காரருக்கும் நல்லது" என்றார். போர்வையில் ஒரு குவியல் உண்டாயிற்று.

பழைய சேலைகள் ஆறு. "யாருக்கு?" பதில் சொல்லவில்லை, நானே எடுத்துக் குவியலில் வைத்தேன். பொம்மைகள், சாக்லேட், பலூன் பொட்டலம். பலூனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "முப்பது பிள்ளைங்க வருவாங்கன்னு இருபது பலூன் எடுத்துட்டுப் போவீங்க. வாசல்ல நூறு பிள்ளைங்க நிற்பாங்க" என்றார்.

என் நாத்தனார் கொடுத்த எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலில் கை வைத்தபோது மட்டும் நான் விடவில்லை. "இது எனக்கு" என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே திருப்பி வைத்தார். கடைசியில் என் பெட்டி 11 கிலோ.

அப்புறம் சாப்பாட்டு வேளை. நாங்கள் வரிசையாக உட்கார்ந்து நெத்திலிக் குழம்பைப் பிசைந்து தின்றுகொண்டிருக்கும்போது அவர் செல்போனில் ஏதோ படம் எடுத்துக்கொண்டு நடந்தார். யாரும் கவனிக்கவில்லை. சாப்பிட்டு முடித்துக் கூடத்துக்கு வந்தால், திரையில் நாங்கள். வாயில் சோற்றோடு ஒருவர், முள்ளைத் துப்பும் ஒருவர், கொட்டாவி விட்டபடி நான், அதுவும் கண் பாதி மூடி. கீழே எழுதியிருந்தார்: 'பசியால் வாடும் இந்தியர்கள், இவர்களுக்காக ஜெபியுங்கள்.' முதலில் எல்லோரும் சிரித்தோம். அடுத்து யாருக்கோ கோபம் வந்துவிட்டது. "கேட்காமல் எப்படி எடுக்கலாம்?" என்று எழுந்து நின்றார். அவ்வளவுதான், வகுப்பெடுத்தவர் திரையை அணைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். பன்னிரண்டு நாளும் எங்கள் குழுவில் ஒரு குழந்தையின் படத்தைக்கூட அதன் அம்மாவைக் கேட்காமல் யாரும் எடுக்கவில்லை.

பையில் தந்த டி-ஷர்ட்டைப் பார்த்ததும்தான் அந்தப் பெண்ணின் முகம் மாறியது. கருநீலத்தில், முதுகில் பெரிதாக 'ஆப்பிரிக்காவுக்கு ஒளி' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்கள். "உகாண்டாவில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் கிறிஸ்தவங்க, தெரியுமா?" என்று கேட்டார். எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. நம் பாளையங்கோட்டைக்கு மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820-ல் வந்தார். உகாண்டாவுக்கு முதல் மிஷனரிகள் 1877-ல் போனார்கள். அனுப்பியது இரண்டு இடத்துக்கும் அதே சி.எம்.எஸ்., அதாவது சர்ச் மிஷனரி சங்கம். போய்ப் பத்து வருடம் ஆவதற்குள், 1886 ஜூன் 3-ம் தேதி, நமுகோங்கோ என்ற இடத்தில் விசுவாசத்தை விடமாட்டோம் என்று சொன்ன வாலிபர்களை அரசனின் ஆட்கள் உயிரோடு எரித்தார்கள். இன்றைக்கும் ஜூன் 3 அங்கே பொது விடுமுறை. நாட்டின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் நடந்தே வருவார்களாம். "அவங்க ஊருக்கு இந்தச் சட்டையைப் போட்டுட்டுப் போய் நிற்கப் போறீங்களா?" யாரும் வாயைத் திறக்கவில்லை.

நம் ஊர்க்காரர், பின்னாளில் பேராயரான அசரியா 1910-ல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்காரர்கள் மத்தியில் நின்று, நீங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டது ஞாயிறு பள்ளியில் படித்த கதைதான். அன்று அதை அந்தப் பெண் சொன்னபோது நாங்கள் மேடைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதுபோல எனக்குத் தோன்றியது. நட்பைக் கேட்கிறவர்கள் வரிசையில் இல்லை, அந்த வெள்ளைக்காரர்கள் மாதிரிக் கேட்கப்படுகிறவர்கள் வரிசையில்.

மற்றபடி அவர் சொன்ன சின்னச் சின்ன விஷயங்கள்தான் அங்கே சோறு போட்டன. வெளியில் உலர்த்திய துணியைச் சூடாக இஸ்திரி போடாமல் உடுத்தக் கூடாது, உள்ளாடை உட்பட. ஒருவகை ஈ ஈரத்துணியில் முட்டையிடும், புழு தோலுக்குள் போய்க் கட்டி மாதிரி வீங்கும். நாங்கள் தங்கிய வீட்டில் கரி போட்டுச் சூடேற்றும் பெட்டி வைத்திருந்தார்கள். சின்ன வயதில் எங்கள் தெரு முனையில் பார்த்த அதே பெட்டி. பெண்கள் துணி முழுக்க நான்தான் தேய்த்தேன். விக்டோரியா ஏரியில் காலை நனைக்கக் கூடாது, நத்தையிலிருந்து வரும் ஒட்டுண்ணி தோல் வழியாகவே உள்ளே போகும் என்றார். தாமிரபரணியில் விழுந்து கிடந்து வளர்ந்த பையன்களைக் கரையிலேயே நிறுத்தி வைக்க நான் பட்ட பாடு தனிக்கதை. டாலர் கொண்டுபோனால் புதிய, கசங்காத நோட்டாக, ஐம்பதும் நூறுமாகக் கொண்டுபோகச் சொன்னார். சில்லறை நோட்டுக்கு விலை குறைவு, பழைய நோட்டைத் திருப்பித் தந்துவிடுகிறார்கள். உண்மைதான், என் கண்ணால் பார்த்தேன்.

அங்குள்ள பகாண்டா இனத்துப் பெண்கள் பெரியவர்களைக் கண்டால் முழங்காலிட்டு வணக்கம் சொல்வார்கள், பதறி அவர்களைத் தூக்கிவிடாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னதும் நல்லதாயிற்று. சொல்லாமல் இருந்திருந்தால் நான் கண்டிப்பாகத் தூக்கியிருப்பேன். இருந்தாலும் போன இடத்தில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி எனக்கு முன் மண்டியிட்டபோது உடம்பு கூசத்தான் செய்தது.

சாட்சி சொல்லும் பயிற்சியில் நான் தோற்றேன். மூன்று நிமிடம், ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும், மொழிபெயர்ப்பவர் அதை அங்குள்ள லுகாண்டா மொழியில் சொல்வார். எனக்கு நிறுத்த வரவில்லை. "ஆண்டவர் என்னைச் சேற்றிலிருந்து தூக்கி..." என்று ஆரம்பித்து மூச்சு வாங்கும்போது எட்டு வாக்கியம் ஆகியிருந்தது. "அக்கா, மொழிபெயர்க்கிறவரையும் தூக்கி விடுங்க" என்றார் அந்தப் பெண்.

எனக்கு மனத்தாங்கல் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருங்கிணைப்பாளர் என்னைச் சேர்த்ததே "நர்ஸ் வேண்டும்" என்று சொல்லித்தான். இரண்டாம் நாள் சாயங்காலம் டீ குடிக்கும்போதுதான் அந்தப் பெண் கேட்டார்: "அக்கா, உங்க தற்காலிகப் பதிவு வந்துடுச்சா?" என்ன பதிவு? வெளிநாட்டு நர்ஸ் அங்கே நோயாளியைத் தொட வேண்டுமானால் உகாண்டா நர்ஸ்கள், மருத்துவச்சிகள் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு செய்ய வேண்டும். டாக்டர்களுக்கு வேறு கவுன்சில். கிளம்ப ஆறு வாரம்தான் இருந்தது. சான்றிதழ்களைத் தேடி எடுத்து, நகல் எடுத்து அனுப்பினேன். நாங்கள் விமானம் ஏறும்வரை வரவில்லை. முகாமுக்கு ஆள் சேர்த்தபோதே சொல்லியிருந்தால் நாலு மாதம் கையில் இருந்திருக்கும்.

மலேரியா மாத்திரை விஷயத்திலும் "எந்த டாக்டரும் எழுதித் தருவார்" என்று முதல் நாள் சொன்னதோடு சரி. மெஃப்ளோகுவின் என்றால் வாரம் ஒன்று, கிளம்ப இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். டாக்ஸிசைக்ளின் என்றால் தினம் ஒன்று, திரும்பி வந்தபின் நாலு வாரம் தொடர வேண்டும். எங்கள் குழுவில் ஒரு பெண் பிள்ளை டாக்ஸிசைக்ளினை ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்து, மூன்று நாள் நெஞ்செரிச்சலில் எச்சில்கூட விழுங்க முடியாமல் கிடந்தாள். தம்ளர் நிறையத் தண்ணீர், அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டும். இதை முகாமில் சொல்ல இரண்டு நிமிடம் போதும். நானே சொல்லியிருக்கலாம், அந்தக் குற்றம் எனக்கும் உண்டு.

1,800 ரூபாய்ப் பைக்கு வருகிறேன். கொசுவலை நாலு மூலைக் கட்டு. அங்கே கூரையில் ஒரே ஒரு கொக்கி. நல்லவேளை, எங்களை ஏற்றுக்கொண்ட சபையார் மருந்து தோய்த்த வலையைக் கட்டியே வைத்திருந்தார்கள். 'ஃபில்டர் பாட்டில்' என்று கொடுத்தது வெறும் கரி ஃபில்டர். தண்ணீரின் வாடையை எடுக்கும், கிருமியை எடுக்கும் என்று நம்பக் கூடாது. கொதிக்கவைத்த தண்ணீரைத்தான் குடித்தோம். உலக அடாப்டர் என்ற பெயரில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. உகாண்டாவில் பிரிட்டன் மாதிரிப் பட்டைக் கால் மூன்று வைத்த பிளக், நம் உருண்டைக் கால் நுழையாது. இந்த டப்பாவை மாட்டினால் ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் சார்ஜ் ஏறும். அங்கே போன இரண்டாம் நாள் ராத்திரி அதுவும் போயிற்று. டார்ச் நன்றாக இருந்தது. டி-ஷர்ட்டை யாரும் எடுத்துப் போகவில்லை. கருநீலத்தையும் கறுப்பையும் தேடி வரும் கடிக்கிற ஈ வேறு ஆப்பிரிக்காவில் உண்டாம். என்னுடையது இப்போது சமையலறையில் பிடிதுணி. மொத்தத்தில் அந்தப் பையை வேண்டாம் என்று சொல்ல முடிந்தால் சொல்லிவிடுங்கள். டார்ச்சும் நல்ல அடாப்டரும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை, பிரதிஷ்டை ஜெபம், குழுப்படம், வீடு.

பதிவு வராததால் முகோனோ என்ற ஊருக்கு உள்ளே தள்ளி இருந்த அந்தக் கிளினிக்கில் என்னை நோயாளிகளிடம் விடவில்லை, விடவும் கூடாது. பெயர் எழுதினேன், வரிசையை ஒழுங்கு பண்ணினேன், மீதி நேரம் காஸ் துணியை வெட்டி மடித்தேன். நான் சர்வீஸில் சேர்ந்த முதல் மாதம் செய்த வேலை. இரண்டாம் நாள் வகுப்பு இல்லாமல் இருந்திருந்தால் முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று எனக்கே தெரியும். அங்கே வேலை செய்துகொண்டிருக்கும் யாரைக் கடந்து போனாலும் 'ஜெபாலே கோ' என்பார்கள், உழைத்தீர்களே, நன்றி என்பதுபோல. அம்மா மாதிரி மரியாதையாகச் சொல்ல 'ஞாபோ' என்று சேர்த்துக்கொள்வார்கள். பையில் இருந்த சொல் அட்டையில் அது இல்லை. அந்தப் பெண் வாய்வழியாகச் சொல்லிக் கொடுத்தது. நாலாம் நாள் அந்தக் கிளினிக் நர்ஸ், என் மகள் வயதிருக்கும், மடித்த காஸ் அடுக்கைப் பார்த்துவிட்டு "ஜெபாலே கோ, ஞாபோ" என்றாள். ஊறுகாயை அன்று மத்தியானம் அவளோடுதான் திறந்தேன். மறுநாள் பாட்டிலை அவளே வந்து எடுத்துக்கொண்டாள், கேட்காமல்.

மதிப்பெண் போட வேண்டுமென்றால் முதல் நாளுக்கு ஐந்துக்கு ஒன்று, பைக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு நாலு, இரண்டாம் நாளுக்கு ஐந்து. ஒருங்கிணைப்பாளர் தம்பிக்குப் போன் போட்டு ஊசி, பதிவு, மாத்திரை மூன்றையும் ஒரு தாளில் எழுதி, ஆள் சேர்க்கும் அன்றைக்கே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். சரி என்றார். அடுத்த குழுவுக்கு இரண்டாம் நாளுக்கு மட்டும் பணம் கட்டிச் சேர முடியுமா என்றும் கேட்டேன். அது முடியாதாம்.